சர்க்கரை போடாத பாயாசமும் ஏறிப்போன சர்க்கரையும்

(மூன்றாம் ஆண்டு, வேதிப் பொறியியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுமே ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக் கொண்டார்கள். மின்சார வாகனம், சந்திரயான், செயற்கை நுண்ணறிவு எல்லாம் முதல் நாளே போய்விட்டது. நான் "சர்க்கரை நோயாளிகளுக்கு இனிப்புப் பண்டம்" என்று எழுதிக் கொடுத்தேன். "ஏண்டா, நீ கெமிக்கலா, கேட்டரிங்கா?" என்று வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு மாத்திரை டப்பா இருக்கும் என்பது எனக்குத் தெரியும். எனவே தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்து விடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க 1 லட்சத்து 13 ஆயிரம் பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. பெரியவர்களில் 100-க்கு 11.4 பேருக்குச் சர்க்கரை நோய். ஆக மொத்தம் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் 14.4 சதவீதம். நம் மாநிலத்துக்கு இந்த நோயோடு பழைய உறவும் உண்டு. 1948-லேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். நாட்டிலேயே அதுதான் முதல் என்கிறார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. இது இல்லாமல் பாடம் புரியாது.

எங்கப்பா பரமத்தி வேலூர் பக்கம் ஒரு ஆலைக் கொட்டாயில் வெல்லம் காய்ச்சுகிறவர். இருபது வருஷமாகக் கொப்பரைக்கு முன்னால் நிற்கிறார். கரும்புச் சாறு கொதித்து, சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, மேலே வரும் அழுக்கை வழித்து, பாகு சரியான பதத்துக்கு வருவதைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அவர் உருட்டிய வெல்லம் 30 கிலோ சிப்பமாகப் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும். போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வரும் அக்கா, அப்பா விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். வெறும் வயிற்றில் 212. (இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வெறும் வயிற்றில் 126-க்கு மேல் போனால் சர்க்கரை நோய் என்று சந்தேகித்து, லேபில் ரத்தம் கொடுத்து உறுதி செய்வார்கள்.) ஆஸ்பத்திரியிலும் அதேதான் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். "இனிப்பைக் குறைங்க" என்றார்கள்.

அங்கிருந்துதான் வம்பு ஆரம்பம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் அம்மாயியும் என் முகத்தைப் பார்த்தார்கள். "படிச்ச பையன் நீ, என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு சாமி" என்றார் அம்மாயி. நானும் சொன்னேன். நான் சொன்னதில் எத்தனை தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஊரில் எல்லாரும் முதலில் சொன்ன யோசனை, "அஸ்காவை நிறுத்திட்டு வெல்லத்துக்கு மாறுங்க" என்பது. (வெள்ளைச் சர்க்கரைக்கு எங்கள் பக்கத்துப் பழைய பெயர் அஸ்கா. ஒடிசாவில் அஸ்கா என்ற ஊரில் இருந்த சர்க்கரை ஆலையால் வந்த பெயர் என்பார்கள்.) வெல்லம் காய்ச்சுகிறவர் வீட்டில் இந்த யோசனைக்குக் கேட்கவா வேண்டும், உடனே மாறிவிட்டோம். அப்புறம்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையை லைப்ரரியில் பார்த்தேன். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 398 கலோரி. 100 கிராம் வெல்லத்தில் 383. மாவுச்சத்து சர்க்கரையில் 99, வெல்லத்தில் 95. வித்தியாசம் அவ்வளவுதான். வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்தும் தாது உப்பும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலிருந்தும் ரத்தத்துக்குள் போவது அதே குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இதே ஜாதி. அப்பாவிடம் சொன்னபோது நம்பவில்லை. "மருந்து அடிக்காத வெல்லம்டா" என்றார். மருந்து அடிக்காததுதான், ஆனால் சர்க்கரை அடித்தது மாதிரிதானே!

அடுத்தது செயற்கை இனிப்பு. இது கெமிக்கல் மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். 1879-ல் ஃபால்பெர்க் என்பவர் லேபில் வேலை செய்துவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் ரொட்டியைத் தின்றார், இனித்தது, சாக்கரின் கிடைத்தது. 1965-ல் ஷ்லாட்டர் என்பவர் காகிதம் எடுக்க விரலை நக்கினார், அஸ்பார்டேம். 1976-ல் லண்டனில் சசிகாந்த் பட்னிஸ் என்ற நம் நாட்டு ஆராய்ச்சி மாணவரிடம் 'டெஸ்ட்' பண்ணு என்றார்களாம், அவர் காதில் 'டேஸ்ட்' என்று விழ, நாக்கில் வைத்துவிட்டார், சுக்ரலோஸ். லேபில் எதையும் வாயில் வைக்காதே என்று நம் சார் முதல் நாளே சொல்லுவது எதற்கு என்று இப்போது புரிகிறதா? மூன்று பேரும் அந்த விதியை மீறியவர்கள். அதைப் பார்த்து நீங்களும் மீற வேண்டாம், எல்லாருக்கும் இனிப்பே கிடைக்காது.

சமையலுக்கு இவற்றில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும்; அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும். சுக்ரலோஸ் கொதிநிலையைத் தாங்கும். சர்க்கரையைப் போல் சுமார் 600 மடங்கு இனிப்பு என்பதால் சிட்டிகைகூட அதிகம். பாக்கெட்டில் வரும் பொடியில் பெரும்பகுதி மால்ட்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்பு மாவுதான், அதையும் கணக்கில் வையுங்கள். சீனித்துளசியில் இருந்து எடுக்கும் ஸ்டீவியாவுக்கு நம் நாட்டில் 2015-ல் அனுமதி கொடுத்தார்கள். லேசான கசப்பு பின்னால் வரும். உடம்பு இளைப்பதற்காக இந்த இனிப்புகளைச் சாப்பிட வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். என்றாலும் எங்கள் வீட்டில் அளவோடுதான் போடுகிறோம்.

நான் ஒரு மாத்திரை டப்பா வாங்கி வந்து, வீட்டில் இருந்த அஸ்காவையும் வெல்லத்தையும் ஒரு குண்டுமணி விடாமல் அம்மாயி மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். இனி நம் வீட்டில் சர்க்கரையே கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன்.

மார்கழி மாசம். பொங்கலுக்கு வெல்லம் போக வேண்டும், கொட்டாயில் ராத்திரி பகலாக வேலை. அப்பா சாயந்திரம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சோறு அப்புறம் தின்னலாம் என்று போய்விட்டார். பத்து மணிக்குத் திரும்பி வந்தவர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிரில் சட்டை முழுக்க வியர்வை. கை நடுங்கியது. "யாருடா நீ?" என்று என்னையே கேட்டார். சர்க்கரை ஏறிப்போச்சோ என்று அம்மா பயந்தார். நான் எங்கேயோ படித்த ஞாபகத்தில், இல்லை, இறங்கியிருக்கும், இனிப்புக் கொடு என்றேன். அம்மா ஓடிப்போய்க் கடுங்காப்பி போட்டு, இருந்த இனிப்பைப் போட்டுக் கொண்டு வந்தார். நான் வாங்கி வந்த அதே மாத்திரை, நாலு! அப்பா குடித்தார். நாக்குக்கு இனிப்பு, ரத்தத்துக்கு ஒன்றுமில்லை. பத்து நிமிஷம் ஆகியும் நடுக்கம் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்து வீட்டு ஆத்தா ஓடி வந்து ஒரு உருண்டை வெல்லத்தை உடைத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அப்பா தெளிந்து, "எல்லாரும் ஏன் நிக்கறீங்க?" என்றார்.

வெல்லம் காய்ச்சுகிறவர் உயிருக்கு ஒரு உருண்டை வெல்லம் வீட்டில் இல்லாமல் செய்தவன் நான்தான். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

ஆகவே சர்க்கரை இல்லாத சமையல் செய்யும் ஒவ்வொரு வீட்டிலும் சர்க்கரை இருக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாழ்நிலை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், இன்சுலின் போடுகிறவர்களுக்கும் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் இது வரலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அபூர்வம். வந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது தட்டையாக 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷம் பொறுக்க வேண்டும். சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சோறோ இட்லியோ கொடுக்க வேண்டும். அக்கார்போஸ், வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடியே கொடுக்க வேண்டும். அந்த மாத்திரை சுக்ரோஸ் உடைவதைத் தடுக்கிறது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-க்கு அடியுங்கள். வீட்டுக்கு வரும் அக்கா இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது நோட்டில் எழுதிக்கொண்டேன். இப்போது அப்பா மடியில் ஒரு அஸ்காப் பொட்டலம் எப்போதும் இருக்கிறது. கொட்டாயில் கேலி பண்ணுகிறார்கள், "திருப்பதிக்கே லட்டா" என்று.

அந்த மாசமே ஸ்காலர்ஷிப் பணத்தில் குளுக்கோமீட்டர் வாங்கினேன்.

சித்திரை ஒன்றாம் தேதி அடுத்த பாடம். அம்மா ஜவ்வரிசிப் பாயாசம் வைத்தார். வெல்லம் இல்லை, சுக்ரலோஸ்தான். அப்பா ஆசையாக இரண்டு டம்ளர் குடித்தார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 268! மீட்டர் கெட்டுப்போச்சு என்றார் அம்மா. மீட்டரில் கோளாறில்லை. கோளாறு ஜவ்வரிசியில் இருந்தது.

நம் ஊர்ப் பண்டத்தை நானே குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943-ல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும் மலேயாவில் இருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் குச்சிக் கிழங்கு போட்ட காசில் ஃபீஸ் கட்டுகிறோம்! 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்கு 'ஜிஐ' கிடைத்தது. அந்த ஜிஐ புவிசார் குறியீடு. நான் சொல்ல வருவது இன்னொரு ஜிஐ, கிளைசீமிக் இண்டெக்ஸ். இரண்டிலும் நம் ஜவ்வரிசி முன்வரிசை, அதுதான் சங்கடம்.

1981-ல் கனடாவின் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் இந்த இரண்டாவது ஜிஐயை உருவாக்கினார்கள். குளுக்கோஸை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று அளப்பது. இதில் வெள்ளைச் சர்க்கரை சுமார் 65, மைதா ரொட்டி சுமார் 75. ஆமாம், ரொட்டி சர்க்கரையைவிட மேலே! மாவுச்சத்து என்பது குளுக்கோஸைக் கோத்த மாலை. வயிற்றில் நொதி அந்த மாலையை அறுத்துவிடும். நாக்குக்கு இனிக்காது, ரத்தத்துக்கு இனிக்கும்.

ஜவ்வரிசி எப்படிச் செய்கிறார்கள் என்று ஆத்தூர் பக்கம் ஃபேக்டரி பார்த்தவர்களுக்குத் தெரியும். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலை வடிகட்டுகிறார்கள். நார் முழுக்கத் திப்பியாகப் பிரிந்து மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். தொட்டியில் தங்கிய மாவை ஈரத்தோடு குருணையாக உருட்டி, எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்துக் காய வைக்கிறார்கள். புரதம் 100 கிராமுக்கு 0.2 கிராம்தான். மாவுச்சத்து 87. ஈரமும் சூடும் சேர்ந்து மாவு பாதி வெந்தும்விடுகிறது. நார் தடுக்க இல்லை, புரதம் தடுக்க இல்லை, வேறென்ன நடக்கும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேருக்கு 100 கிராம் ஜவ்வரிசி, அரை லிட்டர் பால். ஜவ்வரிசியில் 87, பாலில் லாக்டோஸ் சுமார் 23, ஆக 110 கிராம். ஒருவருக்கு 27 கிராமுக்கு மேல். வெல்லமே போடாமல் ஐந்தரை ஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். அப்பா குடித்தது இரண்டு டம்ளர். அதற்கு முன்னால் சோறு வேறு. (150 கிராம் வெல்லமும் போட்டிருந்தால் ஒருவருக்கு 63 கிராம் வந்திருக்கும். ஆகவே இனிப்பை மாற்றியதில் லாபமே இல்லை என்று சொல்ல முடியாது. போதவில்லை, அவ்வளவுதான்.) சர்க்கரை போடாத பால்கோவாவும் இப்படித்தான். ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர்தான் போகும், 45 கிராம் லாக்டோஸ் எங்கேயும் போகாது. கடையில் 'நோ ஆடட் சுகர்' என்று போட்டால் சர்க்கரை சேர்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. 'சுகர் ஃப்ரீ' என்று போட 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதிலும் மைதா எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். பின்பக்கம் 'கார்போஹைட்ரேட்' என்ற வரியைப் படியுங்கள். மால்டிடால் என்று இருந்தால் நிறையத் தின்ன வேண்டாம், வயிறு கலக்கிவிடும்.

சிறுதானியம் போடலாமே என்பீர்கள். கொல்லிமலைச் சாமை, தினை இரண்டிலும் அரிசியைவிட நார் அதிகம், நல்லதுதான். ஆனால் சாமையிலும் 100-க்கு 67 கிராம் மாவுச்சத்து. அளவு தப்பினால் அதுவும் ஏற்றிவிடும். நைஸாக அரைத்த ராகிக் கஞ்சியும் அப்படியே. கொல்லிமலை என்றதும் ஞாபகம் வருகிறது, சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு வெல்லம் தின்றால் மண் மாதிரி இருக்கும். ஹாஸ்டலில் செய்து பார்த்தோம். ஜிம்னீமிக் அமிலம் நாக்கை ஏமாற்றுகிறது. நாக்கு ஏமாந்ததால் நோய் போய்விடாது. அதை நம்பி மாத்திரையை விட்டவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

இனிப்புப் பண்டத்தில் சர்க்கரை செய்கிற வேலை இனிப்பு மட்டுமல்ல. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்பதெல்லாம் கரைசலின் அடர்த்திதான். சர்க்கரை அடர அடரக் கொதிநிலை ஏறும். வெல்லப் பாகை இறக்குவது ஏறக்குறைய 118 டிகிரியில். அந்தப் பாகுதான் எள்ளுருண்டையைப் பிடித்து நிறுத்துகிறது, கச்சாயத்தைக் கெடாமல் வைக்கிறது. 100 கிராம் சர்க்கரைக்குப் பதில் 0.17 கிராம் சுக்ரலோஸ் போட்டால் இனிக்கும், பாகு எங்கிருந்து வரும்? நான் 'சுகர் ஃப்ரீ கச்சாயம்' செய்து பார்த்தேன். எண்ணெயில் கரைந்து காணாமல் போனது. அம்மாயி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். ஆகவே பாகு தேவைப்படாத பண்டமாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். எனக்கு உருப்படியாக வந்தவை இரண்டு.

பாசிப்பருப்புப் பாயாசம், நாலு பேருக்கு. 60 கிராம் பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, குழைய வேகவைத்து மசிக்கவும். அரை மூடித் தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால் எடுக்கவும். பருப்பை இரண்டாம் பாலில் ஐந்து நிமிஷம் கொதிக்க விட்டு, ஏலக்காய் நாலு, ஒரு கல் உப்பு போடவும். உப்பும் ஏலமும் இனிப்பைத் தூக்கிக் கொடுக்கும், அதனால் இனிப்பு குறைவாகவே போதும். இறக்கி வைத்து, 4 ஸ்பூன் சர்க்கரைக்குச் சமமான சுக்ரலோஸ் கலந்து, கடைசியில் முதல் பால். முதல் பால் விட்ட பிறகு கொதித்தால் திரிந்துவிடும். ஒருவருக்கு 10, 11 கிராம் மாவுச்சத்துக்குள் அடங்கும். ஆடி 18 அன்று காவிரியில் குளித்துவிட்டு வந்து, சித்திரையில் சாப்பிட்ட அதே அளவு சோறோடு அப்பா ஒரே ஒரு டம்ளர் குடித்தார். இரண்டு மணி நேரம் கழித்து 164. ஒருவருடைய இரண்டு ரீடிங்கை வைத்துத் தியரி எழுதக் கூடாது என்று சார் சொல்லியிருக்கிறார், அதோடு அன்று டம்ளரும் ஒன்றுதான். எனவே தியரி எழுதவில்லை. இருதயக் கோளாறு உள்ளவர்கள் தேங்காய்ப் பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் பருப்பு அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து கடலை எள்ளுருண்டை. 100 கிராம் நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, 50 கிராம் கறுப்பு எள்ளைப் படபடவென்று பொரிய வறுத்துக்கொள்ளவும். இரண்டே இரண்டு பேரீச்சம்பழம், சுக்குத் தூள் ஒரு சிட்டிகை. உரலில் இடிக்க வேண்டும். மிக்ஸி என்றால் விட்டு விட்டு ஓட்டவும். கொஞ்ச நேரத்தில் கடலையில் இருந்து எண்ணெய் கசியும். அந்த எண்ணெய்தான் இங்கே பாகு. சூடு ஆறுவதற்குள் 12 உருண்டை பிடித்துவிடலாம். ஒன்றுக்கு மாவுச்சத்து சுமார் 4 கிராம், கலோரி 75. கலோரி குறைவில்லை, எனவே நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஈரம் படாமல் தூக்குப் போசியில் போட்டால் ஒரு வாரம் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை நான் இடித்து வைத்துவிட்டு ஹாஸ்டலுக்கு பஸ் ஏறுவேன். அப்பா தினம் ஒன்றைக் கொட்டாய்க்கு எடுத்துப் போகிறார். போன வாரம் போசி வியாழக்கிழமையே காலி. விசாரித்ததில், கொப்பரை அடுப்புக்குச் சோகை தள்ளுகிறவருக்கும் சர்க்கரையாம். நாலு நாளாக அவருக்கும் ஒன்று போயிருக்கிறது. இந்த வாரம் 24 பிடிக்க வேண்டும்.